உணவியல், ஊட்டச்சத்தியல் மாணவர்களின் களப்பயிற்சி (தமிழ்நாடு)

உணவு அறிவியல், ஊட்டச்சத்தியல் படிக்கும் மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே பெறும் தொழில் அனுபவமும் மன்றச் செயல்பாடுகளும் இக்கட்டுரையில் சொல்லப்படுகின்றன. தமிழ்நாட்டில் இப்படிப்பு பல இடங்களில் பல பெயர்களில் நடக்கிறது. கலை, அறிவியல் கல்லூரிகளில் மனையியல் அல்லது ஊட்டச்சத்தியல் துறை. பொறியியல் கல்லூரிகளில் உணவுத் தொழில்நுட்பம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் மதுரையில் சமுதாய அறிவியல் கல்லூரி. கோவையில் அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம். பாடத்திட்டங்கள் வேறுபட்டாலும், எங்காவது சில வாரமாவது பயிற்சி எடுத்து அறிக்கை தர வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. மாணவர் பேச்சில் அது ‘இன்டர்ன்ஷிப்’ அல்லது ‘இன்பிளான்ட் டிரெயினிங்’. ஒரு நாள் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது ‘ஐ.வி.’. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தன் கையால் எதையாவது அளந்து, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதி, அதற்குப் பொறுப்பேற்ற மாணவரே பயிற்சி பெற்றவர்.

மருத்துவமனை

உணவு ஆலோசகர், அதாவது டயட்டீஷியன் ஆக விரும்புவோர்க்கு மருத்துவமனைப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை. இந்திய உணவியலாளர் சங்கம் நடத்தும் ‘ஆர்.டி.’ (பதிவுபெற்ற உணவியலாளர்) தேர்வை எழுதுவதற்கும், படிப்போடு ஆறு மாத மருத்துவமனை இன்டர்ன்ஷிப் கேட்கப்படுகிறது. 2021இல் நிறைவேறிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம் உணவியலாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்த பிறகு இப்பயிற்சியின் மதிப்பு கூடியிருக்கிறது.

காலையில் டயட்டீஷியனோடு வார்டு ரௌண்ட்ஸ் போவதில் வேலை தொடங்கும். கேஸ் ஷீட்டில் சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம், ஆல்புமின் அளவுகளைப் பார்த்து, யாருக்குச் சாதாரண உணவு, யாருக்குக் குழைவான உணவு, யாருக்குக் குழாய் வழி உணவு என்று குறித்துச் சமையற்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்த உணவு என்று எழுதிவிடுவது எளிது. மாலையில் பார்க்க வரும் உறவினர் ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று இளநீரை வெட்டிக்கொண்டு வந்து கொடுப்பார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதையும், காய்களைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் வீட்டில் சமைப்பவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். புத்தகத்தில் இது ஒரு வரி. வார்டில் அரை மணி நேரப் பேச்சு.

முந்தைய 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதும் முறையும் இங்கேதான் கைவரும். “ரெண்டு இட்லி சாப்பிட்டேம்மா” என்பார் நோயாளி. எவ்வளவு பெரிய இட்லி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியா சாம்பாரா, ஒரு நாளைக்கு எத்தனை காபி, காபிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்று கிண்டிக் கிண்டிக் கேட்டால்தான் கணக்கு சரிவரும். காபியும் மாலை முறுக்கும் கேட்காமல் யார் வாயிலிருந்தும் வருவதில்லை. கிடைத்த பதில்களை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 528 உணவுப் பொருள்களுக்கு வெளியிட்ட 2017 உணவுக் கூறு அட்டவணையை வைத்துக் கலோரியாகவும் புரதமாகவும் மாற்றுவார்கள். பத்து நோயாளிகளிடம் இப்படிக் கேட்ட மாணவரின் காது பிறகு வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கும்.

குறை ஒன்றுண்டு. பல மருத்துவமனைகளில் இப்பயிற்சிக்கு உதவித்தொகை கிடையாது; சில இடங்களில் மாணவரே கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. விடுதி, பேருந்துச் செலவு எல்லாம் சேர்த்தால் சிற்றூர்களிலிருந்து வரும் மாணவிகளுக்கு இது பெரிய தடை. முழு நாளும் வேலை வாங்கிக்கொண்டு கட்டணமும் வசூலிப்பது நியாயமில்லை. கல்லூரிகள் அரசு மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டால் இத்தடை பெருமளவு விலகும்.

ஆலை

உணவுத் தொழில்நுட்ப மாணவர்களுக்குப் பால் பண்ணைகள், மசாலா, பிஸ்கட், எண்ணெய் ஆலைகள், தூத்துக்குடியின் கடல் உணவு ஏற்றுமதிக் கூடங்கள், சேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் எனப் பல வாசல்கள் உண்டு. கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூரா மாம்பழம் குவியும் பருவம் கோடை விடுமுறையை ஒட்டி வருவதால், ஆலை முழு வேகத்தில் ஓடுவதை மாணவர்கள் பார்க்க முடிகிறது. கூழின் பிரிக்ஸ் (கரைந்த சர்க்கரையின் அளவு), அமிலத்தன்மை, பி.எச். ஆகியவற்றை ஒவ்வொரு தொகுதிக்கும் அளந்து எழுதுவது பெரும்பாலும் பயிற்சி மாணவரின் பங்கு.

பால் ஆலையில் முதல் பாடம் பால் இறக்கும் மேடையில். கேனிலிருந்தோ டேங்கரிலிருந்தோ எடுத்த மாதிரியில் 5 மில்லி லிட்டரைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்கவைப்பார்கள். குழாயைச் சாய்க்கும்போது சுவரில் சின்னத் துகள் ஒட்டினாலும் அந்தப் பால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளே விட்டால் சூடேற்றும் தகடுகளில் திரிந்து படியும். தேறிய பால்தான் 72 பாகை செல்சியசில் 15 நொடி பதப்படுத்தலுக்குப் போகும். பதப்படுத்தல் சரியாக நடந்ததா என்பதைப் பாஸ்பட்டேஸ் சோதனை காட்டும். திருப்பி அனுப்பிய பாலுக்கு உரியவர் எதிரே நின்று காரணம் கேட்கும்போது, எழுதிய எண்ணைக் காட்டிப் பதில் சொல்வது எந்தத் தேர்வையும் விடக் கடினம்.

உற்பத்திக் கூடத்துக்குள் நுழையும் முன் வளையல், பூ, பொட்டு, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். தலையுறை, முகக்கவசம், கை கழுவல் கட்டாயம். முதல் நாள் இது சங்கடமாகத் தோன்றினாலும், உணவில் அந்நியப் பொருள் கலப்பது எப்படி என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் கிடைக்காது. இரவு ஷிப்டில் மாணவிகளைச் சேர்க்க ஆலைகள் தயங்குவதால், இரவில் நடக்கும் சுத்திகரிப்பு வேலையைப் பலர் பார்க்காமலே வெளியேறுகிறார்கள். பாதுகாப்பான போக்குவரத்து ஏற்பாடு செய்து இந்த இடைவெளியை அடைப்பது கல்லூரி, ஆலை இரண்டின் பொறுப்பு.

படிப்பு முடிந்தபின், தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் ஓராண்டு உதவித்தொகையோடு ஆலைகளில் பணியாற்றலாம். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னையில் இயங்குகிறது.

பள்ளி, அங்கன்வாடி, சிற்றூர்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு வாய்த்த பெரிய களம் அரசின் உணவுத் திட்டங்கள். 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. கோவையில் அவினாசிலிங்கம் கல்லூரியை வளர்த்த இராஜம்மாள் பி. தேவதாஸ் பள்ளி உணவை ஊட்டச்சத்துக் கல்வியோடு சேர்த்துப் பார்த்த முன்னோடி. அந்த மரபில் இன்னும் செய்ய வேண்டியது நிறைய. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பரிமாறியதில் எவ்வளவு தட்டில் மிஞ்சுகிறது, எந்தக் காயைப் பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள் என்று ஒரு பள்ளியில் ஒரு மாதம் எடை போட்டு எழுதினால், அது ஓர் இளநிலை மாணவரின் உருப்படியான ஆய்வு.

அங்கன்வாடியில் எடை, உயரம் பார்ப்பதோடு மேற்கைச் சுற்றளவு நாடாவும் பழக வேண்டும். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டக்குறைவு. தோளுக்கும் முழங்கைக்கும் சரிபாதியில், இறுக்காமலும் தளர்த்தாமலும் சுற்ற வேண்டும். அரை சென்டிமீட்டர் பிழை ஒரு குழந்தையைப் பட்டியலிலிருந்து தவறவிடும்.

வேளாண் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டில் ‘ஸ்டூடன்ட் ரெடி’ என்ற திட்டத்தின் கீழ் மாணவர்கள் சிற்றூர்களில் தங்கி வேலை செய்கிறார்கள். ஹரியானாவின் குண்ட்லியில் உள்ள நிஃப்டெமும் கிராமங்களைத் தத்தெடுத்து மாணவர்களை அனுப்புகிறது.

ஆய்வகமும் ஆய்வு நிறுவனமும்

1950இல் தொடங்கிய மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் தென்னிந்திய மாணவர்கள் முதலில் விண்ணப்பிக்கும் இடங்களுள் ஒன்று. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் நீலகிரியில் இருக்கிறது: 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவு அது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமும் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறது. ஆய்வகத்தில் பழகும் கலப்படச் சோதனைகளில் எளிதான ஒன்றைச் சொல்லலாம்: தண்ணீரில் கரைத்த மஞ்சள் தூளில் சில சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, வரும் இளஞ்சிவப்பு நிறம் தண்ணீர் சேர்த்தபின்னும் மறையாமல் நின்றால் மெட்டானில் மஞ்சள் சாயம் கலந்திருக்கிறது.

மன்றங்கள், போட்டிகள்

மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய உணவு அறிவியலாளர், தொழில்நுட்பவியலாளர் சங்கம் 1957 முதல் இயங்குகிறது. அதன் மாநாடுகளில் மாணவர்களுக்கான போட்டிகள் உண்டு. 1967இல் உருவான இந்திய ஊட்டச்சத்துச் சங்கமும் மாணவர் கட்டுரைகளுக்கு இடம் தருகிறது. செப்டம்பர் முதல் வாரம் ஊட்டச்சத்து வாரம்; ஜூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாள். இந்நாள்களில் கல்லூரிகள் கண்காட்சி வைக்கின்றன. கேழ்வரகு லட்டும் முருங்கைக்கீரை அடையும் ஆண்டுதோறும் மேசைக்கு வந்து போகின்றன. அதே லட்டை 30 நாள் வைத்திருந்து, வாரம் ஒருமுறை ஈரப்பதமும் எண்ணெய்ச் சிக்கும் பார்த்து, ஒன்பது புள்ளி விருப்ப அளவுகோலில் முப்பது பேரிடம் சுவை கேட்டு எழுதினால், கண்காட்சிப் பண்டம் சந்தைக்குப் போகத்தக்க பொருளாகும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமையும் ரத்தசோகைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தும் துறைகள் உண்டு.

பயிற்சிக்குச் சேரும் முன் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்பது நல்லது: யார் மேற்பார்வையில் வேலை, எந்தச் சோதனையை அல்லது எந்த வார்டை என் பொறுப்பில் விடுவீர்கள், நான் எழுதிய பதிவேட்டின் நகலை அறிக்கையில் சேர்க்க அனுமதி உண்டா. மூன்றாவதற்கு ஆலைகள் பெரும்பாலும் மறுப்புச் சொல்லும். அப்போது தயாரிப்பின் பெயரையும் வாடிக்கையாளர் விவரத்தையும் நீக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொள்ள எழுத்து மூலம் அனுமதி கேட்கலாம்.