பிறந்த மண் அனுப்பும் பில்

எங்கள் ரெஸ்ரோரண்டில் பரிமாறும் பெண்ணொருத்தி, சில வருடங்களுக்கு முன் வங்கிக் கடிதமொன்றைக் குசினிக்குள் கொண்டுவந்து காட்டினாள். பருத்தித்துறைத் தாய்க்கு நியூஜெர்சியில் பிறந்து, இரண்டு வயதில் லண்டன் வந்தவள். "அண்ணா, நான் அங்க ஒரு நாளும் வேலை செய்யேல்லை. என்னட்ட ஏன் அமெரிக்க வரி நம்பர் கேக்கினம்?"

பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. கோப்பை கழுவி முடிந்த இரவுகளில் தேடிப் படித்ததை இங்கு எழுதுகிறேன்.

கதை அமெரிக்க உள்நாட்டுப் போரில் தொடங்குகிறது. 1861இல் போர்ச் செலவுக்காக வருமான வரி விதித்தபோது உள்ளூர்வாசிக்கு 3 வீதம். வெளிநாட்டில் குடியிருந்த பிரஜைக்கு, அமெரிக்காவிலுள்ள சொத்தின் வருமானத்தில் 5 வீதம். 1864இல், உலகின் எந்த மூலையில் உழைத்தாலும் வரி என்றாயிற்று. அந்த வரி 1872இல் ஒழிந்தது. 1913இல் வருமான வரி திரும்பி வந்தபோது, 'பிரஜை எங்கிருந்தாலும்' என்ற வழக்கமும் கூடவே வந்தது. மெக்சிக்கோ நகரில் வாழ்ந்த குக் என்பவர், தன் சொத்து முழுவதும் மெக்சிக்கோவிலேயே இருக்கிறதென்று வழக்காடினார். 1924இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரஜை எங்கிருந்தாலும் அரசின் நன்மை அவனைத் தொடர்கிறதாம். ஆகவே வரியும் தொடரும்.

லண்டனில் இதற்கு நல்ல உதாரணம் பொரிஸ் ஜோன்சன். 1964இல் நியூயோர்க்கில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்காவை விட்டுப் போனவர். இஸ்லிங்டன் வீட்டை விற்ற இலாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டது. குடியிருந்த வீட்டை விற்றால் பிரிட்டனில் அந்த வரி இல்லை. அமெரிக்காவிலோ தனியாளுக்கு 250,000 டொலர் இலாபம்வரையே விலக்கு. லண்டன் மேயராக இருந்த அவர் 2014இல் கட்டமாட்டேன் என்றார், 2015இல் கட்டினார், 2016இல் அந்தப் பிரஜாவுரிமையைத் துறந்தார். அதே லண்டனில் வாகன நெரிசல் கட்டணத்தை அமெரிக்கத் தூதரகம் கட்ட மறுத்து வந்திருக்கிறது. அதுவும் வரிதானாம், தூதரகங்கள் வரி கட்டத் தேவையில்லையாம்.

எங்கள் பெண்ணைப் போன்ற சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் வரி வராது. விலக்கும் கழிவும் உண்டு. ஆனால் வருடாவருடம் படிவம் நிரப்பவேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டொலரைத் தாண்டினால் அதையும் அறிவிக்கவேண்டும். 2010இல் வந்த சட்டத்தின்படி, அமெரிக்கப் பிரஜைகளின் கணக்குகளை வெளிநாட்டு வங்கிகளே காட்டிக்கொடுக்க வேண்டும். மறுத்தால், அமெரிக்காவிலிருந்து அவற்றுக்கு வரும் பணத்தில் 30 வீதம் பிடிக்கப்படும். பிரிட்டன் 2012இல் ஒப்பமிட்டது. அவளுக்குக் கடிதம் வந்தது இந்த வழியால்தான். துறப்பதற்கும் காசு வேண்டும்: 2010இல் 450 டொலர் என்று தொடங்கிய கட்டணம் 2014இல் 2350 ஆனது.

எரித்திரியாவும் புலம்பெயர்ந்தவரிடம் 2 வீதம் கேட்கிறது. கட்டாதவருக்குத் தூதரகத்தில் கடதாசி அலுவல் நடப்பது கடினம். 2011இல் பிரிட்டன் அந்த வசூலை நிறுத்தச் சொன்னது. இதை வாசித்தபோது, எனக்கு முன்னே வந்தவர்கள் சொன்ன பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. ஊரிலிருந்த தாயை நினைத்துப் பயந்து கொடுத்தவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பற்றுச்சீட்டுத்தான்.

ஆனால் வரி கேட்கும் நாடு, குறைந்தபட்சம் 'நீ என்னுடையவன்' என்றாவது சொல்கிறது. எங்கள் நாட்டில் நடந்தது தலைகீழ். மலையகத் தமிழர் பறித்த தேயிலையின் ஏற்றுமதித் தீர்வை அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, இல்லையெனில் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்த அத்தாட்சியை அவர்களிடம் கேட்டது. ஜோன்சன் பிறந்த அதே 1964இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிச்சம் 150,000 பேரின் கதை பிறகு பார்ப்போமென்று ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அவர்களின் உழைப்பை அரசு ஒருநாளும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். "அப்ப நான் துறக்கட்டோ அண்ணா?" என்று கேட்டாள். என் அகதிப் பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர்ந்த நாடுகளுக்கு என்று எழுதியிருக்கிறது. ஒரு நாட்டை வேண்டாமென்று சொல்லும் ஆலோசனையை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? முதலில் படிவத்தை நிரப்பு பிள்ளை என்றேன்.