பிற்பகல் ஒன்றரை மணி ஆட்டம்

சிகாகோ கப்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸ் 2015 ஜனவரி 23 அன்று, தம் 83ஆம் வயதில் மறைந்தார். சிகாகோ நகரம் அவருடைய வெண்கலச் சிலையைக் கொண்டுவந்து டேலி பிளாசாவில் சில நாள் அஞ்சலிக்கு வைத்தது. அவர் கடைசியாக ஆடியது 1971இல். ஆகவே அவரைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொல்லக்கூடிய ஒருவருக்கு அப்போது ஐம்பதாவது நெருங்கியிருக்க வேண்டும். அந்தத் தலைமுறை அவரைப் பற்றிப் பேசும்போது 512 ஹோம் ரன் கணக்கு பிறகுதான் வரும். முதலில் வருவது அவருடைய விரல்கள். பந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மட்டையை உயரப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின்மேல் விரல்களை நாதஸ்வரத் துளைகளை மூடித் திறப்பதுபோல ஓயாமல் அசைத்துக்கொண்டிருப்பார். மட்டையும் கனமானதல்ல, 31 அவுன்ஸ், அதாவது 900 கிராமுக்கும் குறைவு. பலமெல்லாம் மணிக்கட்டில்தான். தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கு ஹோம் ரன் வாய்க்காது, ஆனால் விரலை அசைத்துக் காட்ட எல்லோராலும் முடியும்.

ஒரு வீரர் சிறுவர்களின் மனத்தில் இப்படிக் குடியேறுவதற்கு அவருடைய சாதனையோ குணமோ மட்டும் போதாது என்பது என் வாதம். அவர் ஆடும் நேரமும் பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரமும் பொருந்த வேண்டும். பேங்க்ஸ் விஷயத்தில் அது பொருந்தியதற்குக் காரணம் ஒரு முதலாளியின் பிடிவாதம். சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளர் பிலிப் ரிக்லி, சூயிங் கம் கம்பெனிக்காரர். ரிக்லி ஃபீல்டு மைதானத்துக்கு மின்விளக்கு போட 1941இல் தளவாடங்களை வாங்கியவர், அமெரிக்கா போரில் இறங்கியதும் அவற்றைப் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார். போர் முடிந்த பிறகும் விளக்கு போடவில்லை. பேஸ்பால் வெயிலில் ஆட வேண்டிய ஆட்டம் என்பது அவர் கட்சி. 1948க்குள் மேஜர் லீகின் மற்ற மைதானங்கள் எல்லாவற்றிலும் விளக்கு வந்துவிட்டது. ரிக்லி ஃபீல்டு மட்டும் 1988 ஆகஸ்ட் வரை இருட்டிலேயே நின்றது. அதே 1948இல் டபிள்யூ.ஜி.என். தொலைக்காட்சி கப்ஸ் ஆட்டங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. வீட்டில் ஓசியில் பார்க்கக் கிடைத்தால் டிக்கெட் வாங்கி எவன் வருவான் என்று பல உரிமையாளர்கள் சொந்த மைதான ஆட்டங்களைக் காட்டத் தயங்கிய காலம் அது. ரிக்லி தயங்கவில்லை. பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் தொடங்கும் ஆட்டத்தின் பின்பாதி, பள்ளி விட்டு வந்து பையை வீசும் பிள்ளைக்கு ஒன்பதாம் சேனலில் காத்திருக்கும். கிரிக்கெட் மட்டும் அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், அதில் பாதி சொந்த மண்ணில். தொடர் நடக்கும் நாள்களில் வீரர் பக்கத்து வீட்டு மாமாபோல அன்றாடம் கண்ணில் படுவார்.

அவர் நல்லவர், அதனால் நேசித்தார்கள், இதற்கு விளக்குக் கம்பமெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நல்லவர்தான், இன்றைக்கு இரண்டு ஆட்டம் ஆடுவோமா என்று அவர் கேட்பது ஊரறிந்த வாசகம். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க நேரில் வந்தவர்கள் குறைவு. 1958, 1959 இரண்டு ஆண்டுகளும் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. இரண்டு ஆண்டுகளும் அவருடைய அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம். 1962இல் கப்ஸ் 103 ஆட்டங்களில் தோற்றது. அந்தப் பருவம் முழுவதும் மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர், ஆட்டத்துக்கு எட்டாயிரம்கூடத் தேறாது. 2,528 ஆட்டங்கள் ஆடியும் ஒரு இறுதிச் சுற்றைக்கூட அவர் பார்க்கவில்லை. வெற்றி தேடித் தரவில்லை, கூட்டமும் வரவில்லை. பிறகு இத்தனை வீடுகளுக்குள் அவர் எந்த வழியாகப் போனார்?

இதைவிட வலுவான மறுப்பு செயின்ட் லூயிஸிலிருந்து வரும். 2013இல் மறைந்த அந்நகர வீரர் ஸ்டான் மியூசியலை மத்திய மேற்கு அமெரிக்கா முழுவதும் பிள்ளைகள் கொண்டாடினார்கள். அவர் ஆடியதில் இரவு ஆட்டங்கள் ஏராளம். உண்மை. ஆனால் இரவில் கே.எம்.ஓ.எக்ஸ். வானொலியின் அலை பல மாநிலங்களைத் தாண்டிக் கேட்டது. படுக்கையில் தலையணைக்கடியில் டிரான்சிஸ்டரை ஒளித்துவைத்துக் கேட்பதும் பிள்ளைக்கே உரிய நேரம்தான். ஆகவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: வெயில் முக்கியமல்ல, பெரியவர்கள் குறுக்கிடாத ஒரு மணி நேரம் நாள்தோறும் கிடைப்பதுதான் முக்கியம்.

இந்த நினைவுகளை அப்படியே நம்பலாமா என்றால், கூடாது. பேங்க்ஸின் 500ஆவது ஹோம் ரன் 1970 மே 12, செவ்வாய்க்கிழமை, இரண்டாவது இன்னிங்சில் வந்தது. மைதானத்தில் இருந்தவர்கள் 5,264 பேர். பிள்ளைகள் அந்நேரம் வகுப்பில் இருந்திருப்பார்கள். நேரில் பார்த்தேன், நேரலையில் பார்த்தேன் என்பவர்களில் பலர் பார்த்தது பிறகு போட்டுக் காட்டிய படத்தைத்தான். இதைவிடப் பெரிய மறதி ஒன்று உண்டு. பேங்க்ஸ் கப்ஸ் அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரர். அவரைப்போல விரலசைத்த வெள்ளைப் பிள்ளைகள் பலரின் பேட்டையில் அவர் ஒரு வீடு வாங்கியிருக்க முடியாது. 1966இல் வீட்டு உரிமை கேட்டு மார்க்வெட் பார்க்கில் ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங்கின் தலையில் கல் விழுந்த ஊர் அது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரவேற்கப்பட்டவர் தெருவுக்குள் வரவேற்கப்படவில்லை. பேங்க்ஸ் இதைப் பற்றி உரக்கப் பேசவில்லை என்ற குறையும் உண்டு. அந்தச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலையை யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பேன். நினைவு பொய் சொல்லவில்லை, பெட்டியின் சட்டத்துக்கு வெளியே இருந்ததை விட்டுவிட்டது.

பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் முதல் இரவு ஆட்டம் நடந்தது பேங்க்ஸ் ஓய்வுபெற்ற அதே 1971இல். விளம்பர வருமானம் இரவில்தான் என்று ஆனபின் பெரிய ஆட்டங்கள் எல்லாம் மெல்ல மெல்ல இரவுக்குப் போய்விட்டன. 108 ஆண்டுகள் காத்திருந்த கப்ஸ், பேங்க்ஸ் மறைந்த மறு ஆண்டு, 2016இல், உலகத் தொடரை வென்றது. கிளீவ்லாண்டில் கடைசி ஆட்டக்காரர் அவுட் ஆனபோது சிகாகோவில் இரவு பன்னிரண்டு மணி ஆகப்போகிறது. மறுநாள் வியாழக்கிழமை, பள்ளி நாள்.