மூல் கணிப்பு: ஆனையிறவு உப்பும் அணுக்களின் எண்ணிக்கையும்

மூல் என்பது பதார்த்தத்தின் அளவைக் குறிக்கும் சர்வதேச அலகு. ஒரு மூலில் 6.02214076 × 10²³ துணிக்கைகள் இருக்கும். இவ்வெண் அவகாதரோ மாறிலி எனப்படுகிறது. ஒரு சேர்வையின் திணிவை அதன் மூலர்த் திணிவால் வகுத்தால் மூல் எண்ணிக்கை வரும். அதை அவகாதரோ மாறிலியால் பெருக்கி, சூத்திரத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் மொத்த அணுக்கள் எத்தனை என்று தெரியும். இலங்கையில் தரம் 10 மாணவர் கற்கும் இக்கணக்கு, வன்னியில் ஒரு காலம் தொழிற்சாலையொன்றின் அன்றாட வேலையாக இருந்தது.

இத்தாலியரான அமெடியோ அவகாதரோ 1811இல் சொன்னது ஒரு விகிதத்தை மட்டுமே: ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும். எத்தனை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வழியும் இருக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1860இல் ஜேர்மனியின் காள்ஸ்றூ நகரில் கூடிய இரசாயனவியலாளர் மாநாட்டில் கனிசாரோ அக்கருத்தை மீட்டெடுத்து அணுத்திணிவுகளை ஒழுங்குபடுத்தினார். 1865இல் லொஷ்மிட் மூலக்கூற்றின் பருமனை முதன்முறையாக மதிப்பிட்டார். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வெளியிட்ட ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வந்தது. அப்போது மூல் என்ற அலகே பிறந்திருக்கவில்லை. 1890களில்தான் வில்ஹெல்ம் ஒசுவால்ட் அதை வழக்குக்குக் கொண்டுவந்தார்.

அணுவை எண்ணும் வழிகளில் மிகத் தெளிவானது மின்பகுப்பு வழி என்றே சொல்ல வேண்டும். கரைசலினூடாகச் செல்லும் மின்னேற்றத்துக்கும் மின்வாயில் விடுவிக்கப்படும் பொருளின் அளவுக்கும் மாறாத விகிதம் உண்டு என 1830களில் மைக்கல் பரடே நிறுவினார். ஒரு மூல் இலத்திரன்களுக்கு 96,485 கூலோம் தேவை. ஓர் இலத்திரனின் ஏற்றத்தை றொபேட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த பிறகு, எஞ்சியது ஒரு வகுத்தல் மட்டுமே. 96,485ஐ 1.6022 × 10⁻¹⁹ ஆல் வகுத்தால் 6.022 × 10²³ வருகிறது. நீரில் மிதக்கும் நுண்துகள்களின் அலைவை ஆராய்ந்த ஜீன் பெரினும் வேறொரு பாதையில் இதையொத்த எண்ணை அடைந்தார். 1909இல் அதற்கு அவகாதரோவின் பெயரைச் சூட்டியவர் அவரே. 1926இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பரடேயின் விதி வன்னியில் இயங்கிய இடம் பரந்தன். கிளிநொச்சிக்கு வடக்கே, கண்டி வீதியில் முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி அது. சில கிலோமீற்றருக்கு அப்பால் ஆனையிறவு. அங்கே கடனீரேரி நீரைப் பாத்திகளில் தேக்கி, சோளகக் காற்றிலும் வெயிலிலும் வற்றவிட்டு உப்பு எடுக்கும் தொழில் பிரித்தானியர் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது முன்னெடுத்த திட்டங்களில் காங்கேசன்துறைச் சீமெந்து, வாழைச்சேனைக் கடதாசி ஆகியவற்றோடு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒன்று. 1950களில் உற்பத்தி தொடங்கியது. உப்பைக் கரைத்து மின்னைச் செலுத்தி எரிசோடாவும் (சோடியம் ஐதரொட்சைட்டு) குளோரீனும் எடுத்தார்கள். எரிசோடா சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும், குளோரீன் குடிநீரைத் தொற்றுநீக்கவும் பயன்படுவது.

ஒரு தொன் தூய உப்பை எடுத்துக்கொள்வோம். சோடியம் 23, குளோரீன் 35.5, மூலர்த் திணிவு 58.5 கிராம். பத்து இலட்சம் கிராமை இதனால் வகுக்க 17,094 மூல். அதாவது 1.03 × 10²⁸ சோடியம் அயன்கள், அதே அளவு குளோரைட்டு அயன்கள். இங்கே மூலக்கூறு என்று எதுவும் இல்லை. உப்புப் பளிங்கு அயன்களின் அடுக்கு. குளோரைட்டு அயன்கள் அனோட்டில் இலத்திரனை இழந்து சோடி சோடியாகச் சேர்ந்த பின்னரே மூலக்கூறு பிறக்கிறது. ஆகவே குளோரீன் அணுக்கள் 17,094 மூல், குளோரீன் வாயு 8,547 மூல், அதாவது 607 கிலோகிராம். மாணவர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்; அணுவா மூலக்கூறா என்று கேட்காமல் பெருக்கினால் விடை இருமடங்காகவோ பாதியாகவோ போய்விடும். மறுபுறம் 684 கிலோகிராம் எரிசோடாவும் 17 கிலோகிராம் ஐதரசனும் கிடைக்கும். உப்போடு 308 கிலோகிராம் நீரும் தாக்கத்தில் செலவாவதால் இரு பக்கத் திணிவுகளும் சரியாக ஒத்துப்போகின்றன. இதற்கான மின்னேற்றம் 165 கோடிக் கூலோம். பத்தாயிரம் அம்பியர் மின்னோட்டம் வீணாகாமல் வேலை செய்தால் ஏறத்தாழ 46 மணித்தியாலம் ஆகும்.

இது தூய உப்புக்கான கணக்கு. கடலுப்பில் மகனீசியம், கல்சியம் அயன்களும் கலந்திருக்கும். சோடியம் காபனேற்றும் எரிசோடாவும் சேர்த்து அவற்றை முதலில் வீழ்படிவாக்க வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பதும் மூல் கணக்கே.

1980களின் நடுப்பகுதியில் போர்ச்சூழலால் தொழிற்சாலை நின்றது. 1991இலும் 2000இலும் ஆனையிறவில் பெருஞ்சமர்கள் நடந்தன, உப்பளமும் கைவிடப்பட்டது. பின்னர் கம்பனியாக மாற்றப்பட்ட நிறுவனம், பரந்தன் என்ற பெயரோடே குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்கி நீர் வழங்கலுக்கு விநியோகித்தது. அருகிலேயே உப்பு விளையும் மண்ணுக்கு நேர்ந்த இந்த இழப்பு சாதாரணமானதல்ல. போருக்குப் பின் உப்பளம் மீண்டும் இயங்கியது.

அலகின் வரலாறு இதற்கிடையே நகர்ந்துகொண்டிருந்தது. 1971இல் மூல் சர்வதேச முறையின் அடிப்படை அலகுகளில் ஒன்றானது. 12 கிராம் காபன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே அப்போது அதன் அளவுகோல். 2019 மே 20 முதல் அந்தத் திணிவைச் சார்ந்திராமல், எண்ணையே வரைவிலக்கணமாகக் கொண்டார்கள்.

வன்னியில் இன்று இக்கணக்குக்கு மிக நெருங்கிய சேர்வை யூரியா. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் கீழ் நெல் விதைப்போர் வாங்கும் 50 கிலோகிராம் பையில் நைதரசன் 46 வீதம் என்று அச்சிட்டிருக்கும். யூரியா மூலக்கூறில் ஒரு காபன், ஓர் ஒட்சிசன், இரண்டு நைதரசன், நான்கு ஐதரசன். மூலர்த் திணிவு 60 கிராம். அறுபதில் இருபத்தெட்டு நைதரசன் என்பதால் கணக்குப்படி 46.7 வீதம். பையில் 833 மூல் யூரியா, அதில் 10²⁷ நைதரசன் அணுக்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயலில் எழுந்த கேள்வியும் இவ்வணுக்களைப் பற்றியதே. நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசனுள்ள கூட்டெருவாக அதே அளவைக் கொடுப்பதென்றால் ஒரு பைக்கு 2.3 தொன் ஏற்றிச்செல்ல வேண்டும்; அதிலும் பெரும்பகுதி சேதனச் சேர்வைகளில் கட்டுண்டிருப்பதால் ஒரு போகத்துக்குள் பயிருக்கு முழுவதும் கிடைக்காது.