கூடி வாசித்தலும் கணக்கு ஒப்புவித்தலும்: தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் விசுவாச வளர்ச்சியின் வரலாறு

முன்னுரை

திருவனந்தபுரம் கோட்டையை அடுத்த ஸ்ரீவராகம் வராக மூர்த்தி கோயிலால் பெயர் பெற்ற பகுதியாகும். கோட்டையைச் சூழ்ந்த தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. திருவிதாங்கூர் அரசின் தலைநகராகிய இந்நகரில் தமிழ் கல்லூரிப் பாடமாகவும் கவிதை மொழியாகவும் விளங்கியது. இந்நகரின் மகாராஜா கல்லூரியில் 1880களின் பிற்பகுதியில் தமிழ் கற்பித்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827-1900). வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான அவருடைய சமய வாழ்வு நண்பரோடும் உடன்பிறந்தாரோடும் சேர்ந்து நூல் வாசித்ததில் வேரூன்றியது. அது தனிமனிதர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் நிகழ்ச்சி அன்று. அதற்கு முன்னரே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் ஒன்றரை நூற்றாண்டுக் காலமாக வளர்ந்துவந்த ஒரு பழக்கத்தின் தொடர்ச்சியாகவே அதனைக் கருத வேண்டும்.

வேதத்தைக் கூடி வாசித்தல், வாசித்ததற்கேற்ப நடந்ததுண்டா என ஒருவர் மற்றவருக்குக் கணக்கு ஒப்புவித்தல் என்னும் இரண்டும் அப்பழக்கத்தின் கூறுகளாகும். இவ்விரண்டும் தமிழகத்திலும் தென் திருவிதாங்கூரிலும் எவ்வாறு வேர்கொண்டன, கணக்குக் கேட்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐரோப்பியப் பின்புலம்

ஜெர்மனியில் பிலிப் யாக்கோபு ஸ்பேனர் 1670இல் பிராங்பர்ட் நகரில் தம் இல்லத்தில் சிறு குழுவினரைக் கூட்டி, பக்தி நூல்களையும் வேதத்தையும் வாசித்து உரையாடும் முறையைத் தொடங்கினார். 1675இல் வெளிவந்த தமது நூலில், வேதம் குருமாருக்கு மட்டும் உரியதன்று, விசுவாசிகள் அனைவரும் கூடி ஆராய வேண்டியது என வற்புறுத்தினார். ஹாலே நகரில் அகஸ்டு ஹெர்மன் பிராங்கே இக்கருத்தைப் பள்ளி, அநாதை இல்லம், அச்சகம் ஆகியவற்றின் வழியே நிறுவன வடிவாக்கினார். பக்தி இயக்கம் என அறியப்படும் இதன் நெறியில் பயின்றவர்களே தரங்கம்பாடிக்கு வந்த முதல் மிஷனரிகள்.

இங்கிலாந்தில் இப்பழக்கம் வேறொரு வடிவம் பெற்றது. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியைச் சார்ந்தோர் கடன் தீர்ப்பதற்காக, சபையாரைப் பன்னிருவர் கொண்ட வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒரு பென்னி திரட்டலாயினர். காசு வாங்க வீடு வீடாகச் சென்ற தலைவர்கள் வீட்டாரின் நடத்தையையும் அறிந்துவந்தனர். பண வசூலுக்காகப் பிறந்த அமைப்பு இவ்வாறு ஒருவர் ஆன்மாவின் நிலையை மற்றவர் விசாரிக்கும் அமைப்பாக மாறியது. வெஸ்லியின் வழிவந்தோர் 1814இல் இலங்கையை அடைந்து யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணி தொடங்கியபோது இவ்வமைப்பும் தமிழர் நடுவே வந்தது.

தரங்கம்பாடி: வாசிப்பும் வினாவிடையும்

1706 சூலையில் சீகன்பால்கும் பிளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினர். 1707 மே மாதத்தில் முதல் திருமுழுக்கு நடைபெற்றது. புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1714-15இல் அச்சேறியது. ஓலையில் எழுதிப் படிக்கப்பட்டுவந்த தமிழில் காகிதத்தில் அச்சான இந்நூல், ஒரே பாடத்தைப் பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் வாய்ப்பை அளித்தது. ஒருவர் வாசிக்க, மற்றவர் தம் கையிலுள்ள படியோடு ஒப்பிட்டுக் கேட்பது இதனால் இயன்றது.

தரங்கம்பாடியில் பிரசங்கம் ஒருவழிச் சொற்பொழிவாக முடிந்துவிடவில்லை. கேட்டவற்றிலிருந்து வினா எழுப்பி விடை பெறும் முறை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது. எழுத்தறியாதோர் மனனம் செய்து மறுமொழி கூறினர். ஊர்களில் பணியாற்றிய உபதேசியார்கள் தாங்கள் சந்தித்தவர்கள், பேசியவை, கேட்ட மறுப்புகள் ஆகியவற்றை மிஷனரிகளிடம் தெரிவித்தனர். அச்செய்திகள் மிஷனரிகளின் நாட்குறிப்புகளில் இடம்பெற்று ஹாலேக்குச் சென்று, 1710 முதல் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டன. ஆக, தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூர் உபதேசியார் ஒருவர் ஒப்புவித்த கணக்கை ஜெர்மானியக் குடும்பத்தார் தம் வீட்டில் கூடி வாசிக்கும் நிலை உருவாயிற்று.

இராஜநாயக்கன்: வாசிப்பின் ஆற்றலும் அதன் எல்லையும்

இக்காலத்தின் குறிப்பிடத்தக்க வாசகர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றிய இவர் கத்தோலிக்கர். பறையர் சமூகத்தைச் சார்ந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் ஒன்று இவர் கைக்குக் கிடைத்தது. அதனை ஆர்வத்தோடு வாசித்த இவர் உடன் பணியாற்றிய வீரர்களுக்கும் அதனை அறிமுகப்படுத்தினார். 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடியாரோடு தொடர்பு கொண்டு, பின்னர் படைப்பணியை விட்டு உபதேசியார் ஆனார். மிஷனரி எவரும் தங்கியிராத தஞ்சைப் பகுதியில் சபை உருவாக இவருடைய உழைப்பு அடித்தளமிட்டது.

1733இல் ஆரோன் என்னும் வேளாளர் தமிழ் லுத்தரன் சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தெரிவு செய்யும் நிலை 1741இல் வந்தபோது இராஜநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையிலிருந்து வேளாளர் நற்கருணை பெற இணங்கமாட்டார் என மிஷனரிகள் அஞ்சினர். தியோகு என்பவரே குருவானார். இராஜநாயக்கனின் வாசிப்பிலோ ஒழுக்கத்திலோ குறை காணப்படவில்லை. அவர் ஒப்புவித்த கணக்கு ஏற்கப்பட்டது. அதற்குரிய மதிப்பு மட்டும் வழங்கப்படவில்லை. அவரை ஏற்க மறுக்கக் கூடியோரிடம் எந்தக் கணக்கும் கேட்கப்படவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கூடி வாசித்தவர்கள் கூடி உண்ண முடியாத நிலை அச்சபையின் அடிப்படை முரண்பாடாக நின்றது.

வேதநாயகம் சாஸ்திரியார்: கணக்கு எதிர்த்திசையில்

சபையார் மிஷனரிகளிடம் கணக்குக் கேட்ட நிகழ்ச்சிக்குத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774-1864) வாதம் சான்றாகும். சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற இவர் பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களின் ஆசிரியர். 19ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் வந்த புதிய மிஷனரிகள் பழைய வேதமொழிபெயர்ப்பைத் திருத்தினர். சபையில் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டனர். விழாக்களில் மலர் பயன்படுத்துவதையும் வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதையும் தடுத்தனர். இவற்றை எதிர்த்துச் சாஸ்திரியார் 1829 அளவில் எழுதினார்.

இவ்வாதத்தை ஒரே தட்டில் வைத்து மதிப்பிடுதல் இயலாது. தலைமுறைகளாகக் கூடி வாசித்து மனத்தில் பதிந்த பாடத்தை, வாசித்தவர்களைக் கேளாமல் மாற்றலாகாது என்பது வலுவான வாதம். பெப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு அவர்களுக்கு நூலாக மட்டும் அன்றி, மன்றாட்டின் மொழியாகவும் இருந்தது. கீர்த்தனை பற்றிய அவர் நிலைப்பாட்டை வரலாறும் பின்னர் ஏற்றுக்கொண்டது. அவருடைய பாடல்கள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளில் பாடப்படுகின்றன. ஆனால் சாதி வழக்கத்தைக் காக்க அவர் எடுத்த நிலை இராஜநாயக்கனைத் தடுத்த அதே சுவரைப் பாதுகாப்பதாகவே அமைந்தது. கணக்குக் கேட்கும் உரிமை விரிந்தபோதும், அது முதலில் மேல்நிலையில் இருந்தோர் கைக்கே வந்தது என்பது இதனால் புலனாகும்.

தென் திருவிதாங்கூர்: வாசகர் என்னும் பதவி

இதே காலத்தில் தென் திருவிதாங்கூரில் நிலைமை வேறாக இருந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சையில் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் எனப் பெயர் பெற்றுத் திரும்பினார். அவருடைய அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1816இல் அவர் நாட்டைவிட்டு நீங்கியபோது சபைப் பொறுப்பு வேதமாணிக்கத்திடம் விடப்பட்டது. அயல்நாட்டு மிஷனரி இல்லாத இடைக்காலத்தில் சபை கலையாது நின்றமைக்கு, வேதம் வாசித்துக் காட்டவும் வாசித்ததை நினைவூட்டவும் ஊரார் நடுவிலேயே ஒருவர் இருந்தது முதன்மையான காரணம் எனலாம்.

பின்னர் வந்த சார்லஸ் மீட், மால்ட் ஆகியோர் காலத்தில் நாகர்கோவில் பணியின் மையமாயிற்று. பள்ளிகளும் அச்சகமும் எழுந்தன. உபதேசியாருக்குத் துணையாக 'வாசகர்' என்னும் பணியாளர் சபைதோறும் அமர்த்தப்பட்டனர். எழுத்தறியாத உழவர், பனையேறிகள் ஆகியோர் நடுவில் வேதத்தை உரக்க வாசித்தலே இவர்தம் முதற்கடமை. இவர்கள் குறித்த நாளில் மிஷனரிகளிடம் கூடி, தாம் செய்த பணியைத் தெரிவித்து, பாடம் கேட்டுத் திரும்பினர். வாசிப்பும் கணக்கொப்புவித்தலும் இங்கு ஒரே பதவியில் இணைந்தன.

இதன் சமூக விளைவு பெரிது. இச்சபையாரில் மிகுதியானோர் நாடார் சமூகத்தினரும் சாம்பவர் முதலிய ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் ஆவர். பொதுவழியில் நடக்கவும் மேலாடை அணியவும் தடை இருந்த நாட்டில், எழுதப்பட்ட சொல்லைத் தம் வீட்டருகே கேட்டு, அதன் பொருளைக் குறித்துப் பேசும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. 1820கள் தொடங்கி 1859 வரை நீண்ட தோள்சீலைப் போராட்டத்தையும் 1855இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதையும் இப்பின்னணியோடு சேர்த்து நோக்க வேண்டும். போராட்டத்திற்குக் காரணங்கள் பல. வாசிப்பு ஒன்றே அதனை உண்டாக்கிற்று எனக் கூறுவது மிகையாகும். எனினும், கடவுள் முன் எல்லாரும் ஒரே கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் எனக் கூட்டத்தில் கேட்டுப் பழகியவர்கள், மனிதர் முன் மட்டும் ஏன் வேறு கணக்கு என வினவத் தொடங்கியது இயல்பே.

சாயர்புரம் முதல் திருவனந்தபுரம் வரை

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்வில் இப்பழக்கம் நிறுவனத்தின் கட்டளையின்றி, நட்பின் வழியே செயற்பட்டது. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் பிறந்து, தமிழ் இலக்கண இலக்கியங்களில் தேர்ந்த இவர் 1853இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். கிறிஸ்தவ மாணவருக்குத் தமிழ் கற்பித்தபோதும் தம் வைணவ நெறியில் உறுதியாக இருந்தார்.

அவ்வுறுதியை அசைத்தது மேடைப் பிரசங்கம் அன்று. நண்பர் தனக்கோடி ராஜு, இளவல் முத்தையா பிள்ளை ஆகியோரோடு நிகழ்ந்த உரையாடலும், கைமாறி வந்த கிறிஸ்தவ நூல்களின் வாசிப்புமே அவரை மாற்றின. ஜான் பனியனின் 'மோட்சப் பயணம்' அவ்வாறு அவர் மனத்தில் பதிந்த நூல்களுள் ஒன்று. உடன் வாசித்தவர் துணிந்து முடிவெடுத்தபின், தாம் தயங்கி நிற்பதற்கான காரணத்தைத் தமக்கே விளக்கவேண்டிய நிலை பிள்ளைக்கு ஏற்பட்டது. நண்பர் வற்புறுத்தாவிடினும் அவர் எடுத்த முடிவே ஒரு வினாவாக நின்றது. குடும்பத்தையும் சுற்றத்தையும் இழக்கும் அச்சம் ஒருபுறம், படித்தறிந்ததை மறைத்து வாழும் உறுத்தல் ஒருபுறம். 1858 ஏப்ரலில் சென்னையில் அவர் திருமுழுக்குப் பெற்றார்.

அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் பனியனின் கதையைக் கம்பர் வழியிலான காப்பிய நடையில் அமைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த நற்போதகம் இதழில் அது தொடராக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. அது உருவான காலத்திலேயே அவர் திருவனந்தபுரத்தில் பணியாற்றினார். அதே கல்லூரியில் அக்காலத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கியவர், 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை. ஒருவர் கிறிஸ்தவக் காப்பியமும் மற்றவர் தமிழ் நாடகக் காப்பியமும் படைத்த சூழல் அது. மூலக்கதையில் பயணி தனித்துப் புறப்பட்டாலும், நிதானியும் நம்பிக்கையும் உடன் நடந்து இடித்துரைத்தே அவனைக் கரைசேர்க்கின்றனர். சாயர்புரத்து நட்பை அறிந்தவர்க்கு, பிள்ளை இக்கதையைத் தேர்ந்தமைக்கான காரணம் விளங்கும்.

முடிவுரை

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் விசுவாசம் தனி மனத்தின் அனுபவமாக மட்டும் வளரவில்லை. கூடி வாசிக்கும் குழுக்களில் வளர்ந்தது. தரங்கம்பாடியின் வினாவிடை, தென் திருவிதாங்கூரின் வாசகர், சாயர்புரத்தின் நண்பர் குழு ஆகிய மூன்றும் இதற்குச் சான்று. எழுத்தறியாதவரும் இவ்வாசிப்பில் பங்குபெற்றனர் என்பது இதன் தனிச்சிறப்பு.

ஆயின் கூடி வாசித்தல் எளிதில் பரவிய அளவிற்குக் கணக்கொப்புவித்தல் இருவழிப்பட்டதாகவில்லை. பெரும்பாலும் அது கீழிருந்து மேலே சென்றது. உபதேசியார் மிஷனரிக்கும் மிஷனரி தம் சங்கத்திற்கும் ஒப்புவித்தனர். இராஜநாயக்கனுக்கு யாரும் ஒப்புவிக்கவில்லை. சாஸ்திரியார் மிஷனரியைக் கேள்வி கேட்டார். தம் சாதி வழக்கைக் கேள்விக்கு உட்படுத்தவில்லை. சமமானவரிடையே அமைந்த சாயர்புர நட்பில்தான் கேட்பவரும் கேட்கப்படுபவரும் இடம் மாறி நிற்க முடிந்தது. ஒரே நூலை வாசித்தவர்கள் அந்நூலின் முன் ஒரே வரிசையில் நின்றார்களா என்பதே தமிழ்த் திருச்சபை வரலாற்றை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலாகும்.