க்ரூஸர் வண்டியும் பின்னிருக்கையும்

போன பொங்கலுக்கு என் இளைய மகன் சென்னையிலிருந்து புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350. மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போகக் கிளம்பிய என்னை அதிலேயே ஏற்றிக் கடற்கரைச் சாலையில் கொண்டுவந்து விட்டான். எங்கள் பெஞ்சில் வழக்கமான மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் அன்றைய அரசியல் பேச்சு நின்றுபோனது.

ஓய்வு பெற்ற ஏட்டையா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இது வண்டியா, ஈசி சேரா? காலு முன்னாடி போவுது, கை மேலே போவுது. போலீஸ்காரன் இதுல போனா எவன் பயப்படுவான்?" என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் எங்கள் சொல்தா நண்பர், "டாங்க் அழகா இருக்கு, பின்பக்கம்தான் பாதியில வெட்டின மாதிரி இருக்கு" என்றார். வங்கி நண்பருக்கு ஒரே குறை: "சத்தம் எங்கே சார்?" நானும் சும்மா இருக்கவில்லை. "என் பழைய புல்லட் பக்கத்தில் நிறுத்தினால் இது பொம்மை" என்று சொல்லிவிட்டேன்.

மகன் சிரித்தான். "அப்பா, தண்டர்பேர்டு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

அது உண்மை. அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. வண்டியின் உருவத்தைப் பற்றி ஓட்டுகிறவர்கள் போடும் இந்தச் சண்டை எப்போது தொடங்கியது என்று படித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவனுக்கு ஒரு விஷயத்தின் பழைய கோப்பை எடுக்காமல் தூக்கம் வராது.

முதலில் க்ரூஸர் என்றால் என்ன? தாழ்ந்த இருக்கை, உயர்ந்த கைப்பிடி, முன்னால் நீட்டி வைக்கும் கால், கண்ணீர்த்துளி வடிவப் பெட்ரோல் டாங்க். வேகப் போட்டிக்கு அல்ல, நீண்ட சாலையில் நிதானமாகப் போவதற்கான வண்டி. இதன் தாய்வீடு அமெரிக்கா. அங்கே இந்த உருவத்துக்கு முதலில் வழி காட்டியவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்லர், ஓட்டியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இளைஞர்கள் கனமான ஹார்லி டேவிட்சன் வண்டிகளை வாங்கி, மட்கார்டை வெட்டி, வேண்டாத இரும்பைக் கழற்றி, முன்பக்கக் குழாயை நீட்டிக்கொண்டார்கள். 1969-ல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அப்படி வெட்டிச் செய்த வண்டியை உலகத்துக்கெல்லாம் காட்டியது.

ஹார்லி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பேரன் வில்லி ஜி. டேவிட்சன். அந்த நிறுவனத்தில் உருவமைப்பைக் கவனித்தவர். வாடிக்கையாளர்கள் தங்கள் கொட்டகையில் செய்வதை நாமே செய்து விற்றால் என்ன என்று அவர் யோசித்தார். பெரிய வண்டியின் சட்டத்தோடு சின்ன வண்டியின் மெல்லிய முன்பக்கத்தைச் சேர்த்து, 1971-ல் சூப்பர் கிளைடு வெளிவந்தது. ஆனால் பின்னால் படகின் வால் போல ஒரு ஃபைபர் கூடு வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. அடுத்த ஆண்டே கம்பெனி அதைக் கைவிட்டு, சாதாரண மட்கார்டுக்குத் திரும்பியது. இன்று பழைய வண்டி சேகரிப்பவர்கள் அந்தப் படகு வாலைத்தான் தேடி அலைகிறார்கள்! 1977-ல் அதே வில்லி ஜி. இன்னும் தாழ்வாக லோ ரைடர் என்ற வண்டியைக் கொடுத்தார். அதற்கு நல்ல வரவேற்பு.

1984-ல் வந்த சாஃப்டெயில் இன்னும் வேடிக்கை. பார்த்தால் ஐம்பது வருடத்துக்கு முந்திய வண்டி போலப் பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாமல் தெரியும். உண்மையில் அதிர்வு தாங்கியை வண்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். கண்ணுக்குப் பழமை, முதுகுக்குப் புதுமை. வாங்கினவர்கள் கொண்டாடினார்கள். மாறாக 2001-ல், போர்ஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, தண்ணீரில் குளிரும் எஞ்சினோடு வி-ராட் வந்தபோது, "இது ஹார்லியே இல்லை" என்று பழைய ஆட்கள் ஒதுக்கினார்கள். வண்டி வேகமான, நல்ல வண்டிதான். ஆனாலும் அவர்களுக்கு ஆகவில்லை.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே பல காலம் சண்டை போடுவதற்குப் புது உருவமே வரவில்லை. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு வார்ப்புகளும் இயந்திரங்களும் வந்து எல்லாமே இங்கேயே தயாரானது. ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றது. தாய் போன பிறகும் பிள்ளை திருவொற்றியூரில் அதே முகத்தோடு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த முகம்தான் எங்கள் தலைமுறைக்கு மோட்டார் சைக்கிள். சிறுவனாக இருந்தபோது புதுச்சேரித் தெருக்களில் நான் பார்த்தவை வேறு. சொல்தா குடும்பங்கள் கொண்டுவந்த சொலெக்ஸ் ஒன்று எங்கள் தெருவில் இருந்தது. முன்சக்கரத்தின் மேலேயே எஞ்சின் உட்கார்ந்திருக்கும் சைக்கிள் அது. எங்கள் பள்ளியில் பிரெஞ்சு வாத்தியார், "மோட்டோ பெண்பால், ஸ்கூட்டர் ஆண்பால்" என்று சொல்லிக்கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. ஊரில் மீசை வைத்தவர்கள் ஓட்டுவதெல்லாம் மோட்டார் சைக்கிள் என்பதால் எங்களுக்கு அது தலைகீழாகப் பட்டது. தெருவில் முதல் புல்லட் வந்தபோது அதைப் பெண்பால் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை.

1981-ல் நானும் ஒரு பழைய புல்லட் வாங்கினேன். எல்.டி.சி. சம்பளத்தில் கடன் வாங்கித்தான். ஓட்டினவர்களுக்குத் தெரியும், அதைக் கிளப்புவதே ஒரு பூசை. கிக்கரை மெல்ல அழுத்தி, ஹெட்லைட்டின் மேலே இருக்கும் ஆம்பியர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டிகம்ப்ரஸரை இழுத்துவிட்டு, பிறகு ஒரே உதை. தவறினால் கெண்டைக்காலில் திருப்பி அடிக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகினவன் ஏறினால் முதல் முனையிலேயே தடுமாறுவான். அந்தத் தடுமாற்றத்தைப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு பெருமை.

1994-ல் ஐஷர் குழுமம் அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2001-ல் பஜாஜ், கவாசாகியின் பெயரோடு எலிமினேட்டர் என்ற சிறிய க்ரூஸரைக் கொண்டுவந்தது. 2002-ல் யமஹாவின் என்டைசரும், ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டும் வந்தன. 2005-ல் பஜாஜின் அவெஞ்சர். நான்கே ஆண்டுகளில் நம் சாலையில் கால் நீட்டி உட்காரும் வண்டிகள் நான்கு!

தண்டர்பேர்டுதான் எங்களுக்குள் சண்டை மூட்டியது. ஏ.வி.எல். என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் துணையோடு செய்த புது எஞ்சின், ஐந்து கியர், வளைந்த கைப்பிடி, படி போல இறங்கும் இருக்கை. பழைய புல்லட்காரர்கள் சொன்னது: "சத்தம் செத்துப்போச்சு." இளைஞர்கள் சொன்னது: "முதுகு பிழைச்சுது." 2018-ல் தண்டர்பேர்டு எக்ஸ் என்று ஆரஞ்சும் நீலமுமாக டாங்கும், கறுப்பு எஞ்சினும், அலாய் சக்கரமும் வந்தபோது மறுபடியும் அதே கூச்சல். "கல்யாண ஊர்வலத்துக்குச் சாயம் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார் எங்கள் ஏட்டையா.

இதற்கிடையில் அசல் ஹார்லியே 2010-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பத்து வருடம் கழித்து, 2020 செப்டம்பரில் இங்கே சொந்தமாகத் தயாரித்து விற்பதை நிறுத்துவதாக அறிவித்து, பிறகு ஹீரோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதே ஆண்டு நவம்பரில் மீட்டியோர் 350 வெளியானது. அந்தப் பெயரும் புதிதல்ல, 1950-களில் ரெடிட்ச் கம்பெனி வைத்திருந்த பெயர்தான். வட்ட ஹெட்லைட், திருகும் பழைய பாணி சுவிட்சுகள், பக்கத்தில் வழி காட்டும் குட்டித் திரை. எஞ்சினுக்குள் அதிர்வைக் குறைக்க ஒரு சமன் தண்டு. கிக்கர் கிடையாது. இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர். சாதாரண உயரம் உள்ளவனுக்கு இரண்டு பாதமும் தரையில் பதியும்.

இதைப் பற்றியும் கருத்துக்கு என்ன பஞ்சம்? வட்ட விளக்கையும் சுவிட்சுகளையும் எல்லோரும் மெச்சினார்கள். சக்கர விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்ட ரகத்தைச் சிலர் கேலி செய்தார்கள். அதிர்வு போனதை நெடுந்தூரம் போகிறவர்கள் வரம் என்றார்கள். எங்களைப் போன்றவர்கள் உயிர் போனது என்றோம்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. எவன் எந்த வண்டியில் இருபத்தைந்து வயதில் போனானோ, அந்த வண்டியின் உருவம்தான் அவனுக்கு வண்டியின் உருவம். அமெரிக்காவில் வி-ராட்டைத் திட்டியவரும், நம் ஊரில் தண்டர்பேர்டைத் திட்டியவரும் பேசியது இரும்பைப் பற்றி அல்ல, தங்கள் இளமையைப் பற்றி. இத்தோடு கட்டுரையை முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆனால் காணும் பொங்கலன்று வீட்டில் ஒன்று நடந்தது.

மகன் அவன் அம்மாவை மணக்குள விநாயகர் கோயிலுக்கு அந்த வண்டியில் அழைத்துப் போனான். அவன் வண்டியில் பின்னிருக்கைக்குச் சாய்மானம் உண்டு. பேத்தி வற்புறுத்தி வாங்கிக் கொடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டும் மாட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து போனாள். திரும்பி வந்ததும், "எப்படி இருந்தது வண்டி?" என்று கேட்டேன்.

"சாய்ஞ்சு உட்கார்ந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க புல்லட்ல இருபது வருஷம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. மூத்தவன் டாங்கின் மேல், இளையவன் அவள் மடியில், அவள் ஒருக்களித்து உட்கார்ந்து, திருபுவனையில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு எத்தனை தடவை போயிருப்போம்! ஒரு கை பிள்ளையை அணைத்திருக்கும். மற்றது? தோளைப் பிடித்தால் வண்டி ஆடுகிறது என்று நானே ஒருமுறை கடிந்துகொண்டது நினைவு வந்தது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி என்று ஒன்று உண்டு. பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. இந்தத் தடுப்பைத்தான் நாம் சேலைக் கார்டு என்கிறோம். புது வண்டி வாங்கும் பையன்கள் அழகு கெடுகிறது என்று முதலில் கழற்றிப் போடுவதும் அதைத்தான். அமெரிக்க இளைஞன் மட்கார்டை வெட்டினான், நம் பையன் சேலைக் கார்டைக் கழற்றுகிறான். உருவத்தைப் பற்றி நான் படித்த கருத்துகளும் சரி, எங்கள் பெஞ்சில் பேசியவையும் சரி, எல்லாம் முன்னிருக்கையில் இருப்பவன் சொன்னவை. பின்னிருக்கையில் இருந்தவளை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

க்ரூஸர் வண்டிகளில் எங்களுக்கு ஈசி சேராகத் தெரிந்த அந்தச் சாய்மானம் வெறும் அலங்காரம் அல்ல என்று எழுபது வயதுக்கு மேல்தான் எனக்குப் புரிந்தது. என் புல்லட்டை நான் இன்னும் விற்கவில்லை. முழங்கால் வலியால் உதைக்க முடியாமல் திண்ணையோரம் நிற்கிறது. அழகில் அதற்கு ஈடு இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அது இரண்டு பேருக்கான வண்டி என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

மறுநாள் பெஞ்சில் இதைச் சொன்னேன். வங்கி நண்பர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையா வெகுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நானும் வீட்ல கேட்டுப் பாக்கறேன் சார்" என்றார்.

நண்பர்களே, நீங்களும் கேட்டுப் பாருங்கள். வந்த பதிலை எனக்கும் எழுதுங்கள்.