வண்ணம் இல்லாத வண்ணப்பிரிகை

என் வைட்டமின் டி பரிசோதனை அறிக்கையின் அடியில் 'லிக்விட் குரோமட்டோகிராபி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி' என்றிருந்தது. குரோமட்டோகிராபி என்பது நம் பாடநூல்களில் 'வண்ணப்பிரிகை'. "இரத்தத்தில் எந்த வண்ணத்தைப்பா பிரிச்சாங்க?" என்றாள் மகள். நியாயமான கேள்வி. கிரேக்கத்தில் குரோமா என்றால் நிறம், கிராபெய்ன், எழுதுதல். 1906-இல் ருசியத் தாவரவியலாளர் மிகயில் த்ஸ்வெத் இப்பெயரை வழங்கியபோது அது அப்படியே பொருந்தியது. சுண்ணாம்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை இறக்கினார். பச்சையும் மஞ்சளும் பட்டைபட்டையாகப் பிரிந்து நின்றன. த்ஸ்வெத் என்ற அவர் பெயருக்கே ருசிய மொழியில் நிறம் என்றுதான் பொருள்! இன்று இரத்தத்திலிருந்து பிரிப்பவை பெரும்பாலும் நிறமற்றவை; குழலைக் கடக்க ஒவ்வொன்றும் எடுக்கும் நேரம்தான் வேறு. குரோமா பழகித் தேய்ந்து நிறத்தை மறந்துவிட்டது. நம் 'வண்ணம்' இன்னும் கண்ணைப் பறிக்கிறது, அதனால் இடறுகிறது. மாஸ் என்பதற்கு வைத்த 'நிறை' அப்படியல்ல. தராசுக்கு நிறைகோல் என்பது பழம்பெயர். மின்னேற்றம் பெற்ற துகள்களை நிறையால் இனங்காணும் கருவிக்கு அது அருமையான சொல். லிக்விட் குரோமட்டோகிராபிக்கு 'நீர்மவழிப் பிரிகை' போதும் என்பேன். மகளுக்கும் அப்படித்தான் சொன்னேன்.