எதுகை நிரலும் பொருள் வேறுபாடும்

ஒலியால் ஒத்த சொற்களை ஓரிடத்தில் நிறுத்தி அவற்றின் பொருளைக் கூறும் மரபு தமிழிலும் உண்டு; ஆங்கிலத்திலும் உண்டு. அத்தகைய தொகுப்புகள் மனப்பாடத்திற்கும் செய்யுள் இயற்றுவதற்கும் துணையாகும் கருவிகள் என்ற அளவிலேயே பெரிதும் மதிக்கப்பட்டு வந்துள்ளன. அவை ஒரு காலத்து ஒலி வேறுபாட்டையும் அதன்வழிப் பொருள் வேறுபாட்டையும் காத்து நிற்கும் வரலாற்றுச் சான்றுகளும் ஆகும் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒலியொப்புமையின் இடம்

தமிழ் யாப்பில் முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ‘கரி’, ‘பரி’ என்பன எதுகை. ‘கரி’, ‘காரி’ என்பன முதலெழுத்தின் மாத்திரை வேறுபடுவதால் எதுகையாகா. அடியிறுதி ஒன்றுவது இயைபு. தெலுங்கு யாப்பில் எதுகையோடு ஒப்பிடத்தக்கது பிராசம். அதுவும் அடியின் இரண்டாம் எழுத்திலுள்ள மெய்யையே நோக்குகிறது. ஆங்கிலத்திலோ அழுத்தம் பெற்ற உயிர் முதல் சொல்லின் இறுதி வரை ஒலி ஒன்ற வேண்டும். அவ்வுயிருக்கு முன்னுள்ள மெய் வேறுபட வேண்டும்.

தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் ஆந்திர எல்லைப் பகுதியின் இரண்டு ஊர்ப்பெயர்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். புத்தூர், சித்தூர் என்பன தமிழ் யாப்பின்படி எதுகை. அடியிறுதியில் நின்றால் இயைபு. தெலுங்கு யாப்பின்படி பிராசம். ஆனால் ஆங்கில விதிப்படி இவை முழுமையான ஒலியியைபு ஆகமாட்டா. அழுத்தம் முதலசையில் விழுந்தால் உகரமும் இகரமும் மாறுபடுகின்றன. ஈற்றசையில் விழுந்தால் முன்னுள்ள தகரமெய் இரண்டிலும் ஒன்றாகவே நிற்கிறது.

2. நிகண்டுகளில் எதுகை நிரல்

திவாகரமும் பிங்கலமும் பொருள்வகை பற்றிச் சொற்களைத் தொகுத்தன. பெரும்பான்மைக் கருத்தின்படி 16ஆம் நூற்றாண்டினரான மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் உடையது. அதன் பதினோராம் தொகுதியாகிய ‘ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி’ ககர எதுகை முதலாக எதுகை முறையில் அமைந்தது. பல பொருளுடைய ஒரு சொல்லைத் தேடுபவர் அதன் முதலெழுத்தைக் கொண்டன்றி இரண்டாம் எழுத்தைக் கொண்டே தேட வேண்டும்.

1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து நிரலை மேற்கொண்டது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து, எதுகைச் சொற்களைத் தொடையகராதி என்னும் தனிப் பகுதியில் வைத்தது. இதனால் பொருள் தேடுபவர் எதுகையை அறிய வேண்டிய தேவை நீங்கியது. வசதி பெருகியது; ஆனால் பொருளும் எதுகையும் ஒரே நிரலில் நின்ற நிலை மாறியது.

3. ஆங்கிலத்தில் ஈற்று நிரல்

1570இல் பீட்டர் லெவின்ஸ் வெளியிட்ட ‘மானிபுலஸ் வொகாபுலோரம்’ ஆங்கிலச் சொற்களை ஈற்றசை ஒப்புமைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இலத்தீனில் பொருள் தந்தது. 1775இல் ஜான் வாக்கர் தம் அகராதியில் சொற்களை எழுத்துக்கூட்டின் இறுதியிலிருந்து பின்னோக்கி நிரல்படுத்தினார். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் பிரிந்து நின்றமையால் இம்முறை இடருற்றது. ‘கஃப்’ (இருமல்), ‘தோ’ (எனினும்), ‘த்ரூ’ (ஊடாக) என்பன ஈற்றில் ஒரே நான்கு எழுத்துகளை உடையன, ஒலியால் இயையா. எனவே ஒலியியைபுக்கெனத் தனி அட்டவணை ஒன்றையும் வாக்கர் சேர்க்க வேண்டியதாயிற்று.

4. ஒலி மாற்றமும் சான்றும்

இரவைக் குறிக்கும் ‘நைட்’, வெண்மையைக் குறிக்கும் ‘வைட்’ ஆகிய இரண்டும் இன்று இயைகின்றன. 14ஆம் நூற்றாண்டில், சாசரின் காலத்தில், முன்னதன் டகரத்துக்கு முன் ஓர் உரசொலி இருந்தது; ஆகவே அவை இயையவில்லை. அவ்வொலி மறைந்த பின்னரே இரண்டும் ஓரினமாயின. ‘ரைட்’ என இன்று ஒலிக்கும் சொற்கள் சரியானது, எழுதுதல், சடங்கு, கைவினைஞர் என நான்கு பொருள் தருவதும் இத்தகைய மாற்றங்களின் விளைவே. எழுத்துக்கூட்டு மட்டும் பழைய வேறுபாட்டைக் காட்டி நிற்கிறது.

தமிழில் இதற்கு இணையானது ரகர றகரச் செய்தி. இன்றைய பேச்சில் பெரும்பாலும் இவை தனித்து வருமிடத்து வேறுபாடின்றி ஒலிக்கின்றன. ஆயினும் நிகண்டில் ரகர எதுகை வேறு. றகர எதுகை வேறு. யானை, சான்று எனப் பொருள்படும் ‘கரி’ ஓரிடத்துக்கு உரியது. மிளகு எனப் பொருள்படும் ‘கறி’ மற்றோரிடத்துக்கு உரியது. கடலாகிய ‘பரவை’யும் புள்ளாகிய ‘பறவை’யும் அவ்வாறே பிரிந்து நிற்பன. தெலுங்கில் ‘பண்டி ற’ எனப்படும் எழுத்து வழக்கொழிந்த பின்னும், பழங்கவிகளின் பிராசம் அவ்வொலி தனித்திருந்தமைக்குச் சான்றாகிறது. முதலெழுத்து நிரலில் எழுத்துப் பிழையொன்று ஒரு சொல்லைச் சற்றே இடம்பெயர்க்கும். எதுகை நிரலில் அது சொல்லை வேறோர் இனத்திற்கே கொண்டு செல்லும். இக்காரணத்தால் பாடம் காப்பதில் எதுகை நிரலுக்குத் தனி வலிமை உண்டு.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நிகண்டுச் செய்யுளில் தலைச்சொல்லின் இடத்தை எதுகை தீர்மானிக்கிறது; பொருள் கூறும் சொல்லின் தேர்வில் சீரும் தளையும் தலையிடுகின்றன. பொருளாகத் தரப்படும் சொல்லே பல பொருள் உடையதாயின் ஐயம் எழும். ஒரு சொல்லுக்குப் பொருள் ‘ஆழி’ எனின், அது கடலா, சக்கரமா, மோதிரமா? இலக்கிய ஆட்சியின்றி நிகண்டை மட்டும் மேற்கோளாகக் கொண்டு பேரகராதிகளில் இடம்பெற்ற பொருள்களை இந்நோக்கில் மீண்டும் ஆராய்தல் தகும்.

5. மொழிபெயர்ப்பில் பயன்

தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘வந்தான், நின்றான், சென்றான்’ என விகுதியே இயைபை எளிதில் தந்துவிடும். எளிதில் கிடைப்பதற்கு ஆற்றல் குறைவு. சொல்லின் அடி நிலைபெற்றிருக்கும் தலைப்பகுதியில் ஒலியொப்புமையை வைத்தது இம்மொழியின் அமைப்புக்கு ஏற்றது. ஆகவே ஆங்கிலப் பாட்டின் ஈற்றியைபைத் தமிழில் ஈற்றிலேயே தேடுவதினும் எதுகையாக மாற்றுவதே பெரும்பாலும் நிகரான பயன் தரும். அதற்குத் தேவையான சொற்களைப் பொருளோடு ஒருங்கே காட்டும் நூலாகச் சூடாமணியின் பதினோராம் தொகுதி இன்றும் விளங்குகிறது. அதனைக் கணினியில் ஏற்றும்போது அகர நிரலாக மட்டும் மாற்றிவிடாமல், மூலத்தின் எதுகை நிரலையும் உடன் காத்தல் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஒருங்கே நன்மை தரும்.